பம்பரில் ஒரு கீறல், கழுத்தில் ஐந்து மாத வலி: ஒரு இழப்பீட்டுக் கோரிக்கையின் ஆய்வு

சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த ஒரு காரைப் பின்னால் வந்த கார் இடித்தது. இடித்த வேகம் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்காது. நின்றிருந்த காரை ஓட்டியவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து கணக்கு பார்க்கும் வேலை. இருவரும் இறங்கிப் பார்த்தார்கள். பின்பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று இடித்தவர் கேட்க, “எனக்கு ஒண்ணுமில்லை, வண்டியைத்தான் பாருங்க” என்று இவர் சொன்னார். ஃபோன் எண்களை வாங்கிக்கொண்டு, நாலைந்து படம் எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

இது ஒரு தனிப்பட்ட ஆளின் கதை அல்ல. சிறு விபத்துக் காயக் கோரிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே கோப்பில் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. நாணயமும் செலவும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், தொகைகளை எல்லாம் பாதிக்கப்பட்டவரின் மாதச் சம்பளத்தின் பங்காகவே சொல்கிறேன்.

பெரிய விபத்தில் காயம் உண்டா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை; யார் தவறு என்றுதான் சண்டை. சின்ன விபத்தில் தலைகீழ். யார் தவறு என்பது பெரும்பாலும் முதல் நாளே தெரிந்துவிடும். “இந்த இடிக்கா இந்த வலி?” என்ற கேள்வியில்தான் கோரிக்கை மாட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் சொல்ல உதவுவது முதல் இரண்டு வாரத்தில் எங்கே, யார், என்ன எழுதி வைத்தார்கள் என்பதுதான். இந்தக் கோப்பு முழுக்க அதைத்தான் காட்டுகிறது.

முதல் வாரம்

அன்று மாலை கழுத்தில் லேசான இறுக்கம். மறுநாள் காலை தலையை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. காரைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்து முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. தோள்பட்டையிலிருந்து பின்மண்டை வரை வலி ஏறியது. ‘தூக்கத்தில் பிடித்திருக்கும், சரியாகிவிடும்’ என்று வீட்டில் இருந்த வலி மாத்திரையைப் போட்டுச் சமாளித்தார். மூன்றாம் நாள்தான் மருத்துவரிடம் போனார்.

அங்கே கொடுத்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘கழுத்து வலி, 3 நாள். மாத்திரை 5 நாளுக்கு.’ விபத்து என்ற பேச்சே அதில் இல்லை. அவர் விபத்தைச் சொல்லாமல் இல்லை, சொன்னார். வெளியே நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்த நேரம், மருத்துவர் காதில் வாங்கிக்கொண்டு மருந்தை மட்டும் எழுதினார். வைத்தியத்துக்கு அந்த ஒரு வரி போதும். இழப்பீட்டுக்குப் போதாது. எதனால் வலி வந்தது என்பதுதான் அங்கே முழு வழக்கும்.

ஆறாம் நாள் மறுபடி போனபோது, பழக்கமுள்ள ஒருவர் சொல்லிக் கொடுத்தபடி, “விபத்தைப் பற்றி நான் சொன்னதையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள் டாக்டர்” என்று கேட்டார். மருத்துவர் தயங்கவில்லை. விபத்து நடந்த தேதி, பின்னாலிருந்து மோதல், மறுநாள் காலை முதல் வலி, இடப்பக்கம் திருப்புவது குறைந்திருக்கிறது, கழுத்துத் தசையைத் தொட்டால் வலி, கை மரத்துப்போவது இல்லை என்று ஐந்தாறு வரி எழுதினார். இதில் பொய்யாகவோ மிகையாகவோ எதையும் எழுதச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளி சொன்னதையும் மருத்துவர் கையால் பரிசோதித்துக் கண்டதையும் எழுதச் சொன்னார், அவ்வளவுதான். கோப்பிலேயே மிக மதிப்புள்ள தாள் இதுதான் என்பேன்.

ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். இப்படிப்பட்ட கழுத்துக் காயத்தை ‘விப்லாஷ்’ என்கிறார்கள். 1995இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அமைத்த மருத்துவக் குழு ஒன்று இதைப் படிநிலைகளாகப் பிரித்தது. இன்றும் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். வலி என்று சொல்கிறார், பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை என்றால் முதல் நிலை. கழுத்து அசைவு குறைந்திருக்கிறது, தொட்டால் குறிப்பிட்ட இடத்தில் வலிக்கிறது என்று மருத்துவர் கண்டால் இரண்டாம் நிலை. நரம்புப் பாதிப்பு தெரிந்தால் மூன்று. எலும்பு முறிவோ மூட்டு விலகலோ இருந்தால் நான்கு. முதல் சீட்டின்படி பார்த்தால் இவர் முதல் நிலையைத் தாண்டவில்லை. ஆறாம் நாள் சீட்டு அவரை இரண்டாம் நிலையில் வைத்தது. உடம்பு அதே உடம்புதான். மாறியது தாளில் இருந்த விவரம்.

எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. தசைநாரும் தசையும் இழுபட்டதை அது காட்டாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற வரியைப் பார்த்து மனம் தளர்ந்து கோரிக்கையையே கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வருத்தமான விஷயம்.

தவறு யாருடையது என்பதை இந்தக் கோப்பில் நீட்ட வேண்டியதில்லை. அன்று இரவே இடித்தவர் அனுப்பிய செய்தி ஃபோனில் இருந்தது: “மேடம் சாரி, ஃபோனைப் பார்த்துட்டேன், பிரேக் போட லேட் ஆயிடுச்சு. பம்பர் செலவை நான் பாத்துக்கறேன்.” அதற்கு மேல் என்ன வேண்டும்? இவர் சீட் பெல்ட் போட்டிருந்தார். போடாதிருந்தால் அது தனிச் சிக்கலாகியிருக்கும். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975இல் தந்த ஒரு தீர்ப்பின்படி, பெல்ட் போட்டிருந்தால் காயமே வந்திருக்காது என்றால் இழப்பீட்டில் கால் பங்கும், காயம் குறைந்திருக்கும் என்றால் 15 சதவீதமும் கழிக்கப்படும். பல நாடுகளில் இதைப் போன்ற கழிவு உண்டு.

“இந்த இடிக்கா இந்த வலி?”

இடித்தவரின் காப்பீட்டு நிறுவனம் பம்பர் செலவை உடனே ஏற்றுக்கொண்டது. காயத்துக்கான கோரிக்கைக்கு வந்த பதில் கடிதம் வேறு தொனியில் இருந்தது. படங்களில் கீறலைத் தவிர சேதம் இல்லை. சம்பவ இடத்தில் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருக்கிறார். இரண்டாம் நாள் எங்கள் அலுவலர் ஃபோன் செய்தபோதும் ‘பரவாயில்லை’ என்றே சொன்னார். மூன்று நாள் மருத்துவரிடம் போகவில்லை. முதல் சீட்டில் விபத்தைப் பற்றி எதுவும் இல்லை. எனவே வலிக்கும் விபத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. இதுதான் கடிதத்தின் சாரம்.

வரிசையாகப் படித்தால் எவருக்கும் நம்பத் தோன்றும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

சேதம் இல்லை என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பம்பரின் வெளியே தெரிவது பிளாஸ்டிக் உறை மட்டுமே. சிறு இடிக்கு அது உள்ளே போய்த் திரும்பவும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்; அப்படித்தான் அதைச் செய்கிறார்கள். அமெரிக்கக் கூட்டரசின் பம்பர் விதியே மணிக்கு 2.5 மைல், அதாவது சுமார் 4 கிலோமீட்டர் வேகச் சோதனையில் காரின் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்றவை பழுதாகாமல் தாங்க வேண்டும் என்பதற்காக வந்தது. அந்த விதி பார்ப்பது வண்டி தாங்குகிறதா என்பதை; உள்ளே இருக்கும் கழுத்தை அது அளப்பதில்லை. இந்தக் கோப்பில் பணிமனைக்காரர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். உறையைக் கழற்றியதும் உள்ளே அதிர்வைத் தாங்கும் நுரைக்கட்டை ஒரு பக்கம் நசுங்கி வெடித்திருந்ததைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்துக் கொடுத்தார். வெளியே எடுத்த நாலு படமும் சொல்லாததை இந்த ஒரு படம் சொன்னது. வண்டியைப் பழுதுபார்க்க விடும்போது ‘கழற்றிய பிறகும் ஒரு படம் எடுத்துக் கொடுங்கள்’ என்று கேட்டு வைப்பது இதனால்தான் நல்லது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வண்டிச் சேதத்துக்கும் உடல் காயத்துக்கும் உள்ள தொடர்பு இரண்டு பக்கமும் தளர்வானதே. சேதம் இல்லை என்பது காயம் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. நுரைக்கட்டை நசுங்கியது என்பதும் கழுத்து காயப்பட்டது என்பதற்குத் தனியாகச் சான்று ஆகாது. அது சொல்வதெல்லாம், இடி வெறும் உரசல் இல்லை என்பதை மட்டுமே. அதற்கு மேல் அந்தப் படத்தை வைத்து வாதாடியிருந்தால் கோரிக்கையின் நம்பகம்தான் குறைந்திருக்கும்.

பின்னாலிருந்து இடிக்கும்போது கழுத்துக்கு நடப்பது என்ன? இருக்கை முதுகை முன்னால் தள்ளுகிறது. தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிய கழுத்தின் அடிப்பகுதி பின்னோக்கியும் மேல்பகுதி முன்னோக்கியும் ஒரே நேரத்தில் வளைகிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுவதால், தசைகள் சுதாரித்து இறுகுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. தலைத்தாங்கி தலையின் உயரத்துக்கு இல்லாமல் தாழ்வாக இருந்தாலோ தலைக்கும் அதற்கும் இடைவெளி அதிகம் இருந்தாலோ இன்னும் மோசம். இதே வகை மோதலில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம் ஏற்படுகிறது என்பதும் ஆய்வுகளில் பலமுறை தெரியவந்த விஷயம்.

அடுத்தது, வலி தாமதமாக வந்தது என்ற சந்தேகம். 2001இல் கனடா மருத்துவர்கள் கழுத்து எக்ஸ்ரே யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று முடிவெடுக்க ஒரு விதிமுறையை வெளியிட்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பரவலாகப் பயன்படுவது. அதில் கேட்கும் கேள்விகளில் ஒன்று: ‘கழுத்து வலி உடனே வந்ததா, தாமதித்து வந்ததா?’ தாமதித்து வந்தால் எலும்பு முறிவுக்கான அபாயம் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரணமான பின்மோதலும் அதே குறைந்த அபாயப் பட்டியலில்தான் வருகிறது. அதாவது, பின்னால் இடிபட்டு, கொஞ்ச நேரம் நன்றாக இருந்து, பிறகு கழுத்து வலியோடு வருகிற ஆளை மருத்துவம் அன்றாடம் பார்க்கிறது. அவருக்கென்று விதிமுறையில் ஒரு இடமே ஒதுக்கியிருக்கிறது. காப்பீட்டுக் கடிதம் மட்டும்தான் அதை வினோதமாகப் பார்த்தது.

பிறகு அந்த ‘பரவாயில்லை’. கோப்பின் திருப்பம் இங்கேதான். அந்த ஃபோன் அழைப்பை நிறுவனம் பதிவு செய்திருந்தது. கடிதத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் காட்டியது. முழுப் பதிவையும் தரும்படி இவர் எழுத்து மூலம் கேட்டார். இப்படித் தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டுப் பெறும் உரிமை பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகள் இதைத் தெளிவாகவே தருகின்றன. பதிவு வந்தது. அதில் இருந்த பேச்சு இப்படி:

“இப்ப எப்படி இருக்கீங்க?”

“பரவாயில்லைங்க. கழுத்துதான் பிடிச்ச மாதிரி இருக்கு, திரும்ப முடியலை. பாத்துட்டு டாக்டர்கிட்ட போகணும்.”

விபத்து நடந்த மறுநாளே, எதிர்த்தரப்பின் சொந்த ஒலிப்பதிவில், கழுத்து வலி பதிவாகியிருந்தது. மருத்துவச் சீட்டுக்கும் முந்தைய சான்று அது. முதல் சீட்டின் குறையை அதுவே சரிக்கட்டிவிட்டது. இவர் கேட்டிராவிட்டால் அது அவர்கள் கணினியிலேயே கிடந்திருக்கும். எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. அதனால் அப்படி அழைப்பு வரும்போது, “இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, மருத்துவரைப் பார்த்துவிட்டு எழுத்தில் தருகிறேன்” என்பதே பாதுகாப்பான பதில். எதிர்த்தரப்பு நிறுவனம் பதிவு செய்யும் வாக்குமூலத்துக்கு உடனே சம்மதிக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. தன் சொந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு விபத்தைத் தெரிவிக்க வேண்டியது வேறு. அது பாலிசி நிபந்தனை, தாமதிக்கக் கூடாது.

நாட்குறிப்பும் ஒரு புகைப்படமும்

ஆறாம் நாளிலிருந்து இவர் ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதி வந்தார். எப்போது வலி, எதைச் செய்ய முடியவில்லை, எத்தனை மணி நேரம் தூக்கம். ‘இன்று பரவாயில்லை, முழு நாளும் வேலை செய்தேன்’ என்ற வரிகளும் நடுநடுவே இருந்தன. அந்த நல்ல நாட்கள்தான் நோட்டுக்கு மதிப்பைக் கொடுத்தன. எல்லா நாளும் கடும் வலி என்று எழுதிய குறிப்பை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை.

மூன்றாம் மாதம் ஒரு குடும்ப விழாவில் அக்கா மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்த படத்தை இவரே சமூக வலைத்தளத்தில் போட்டிருந்தார். நிறுவனம் அதைக் கண்டுபிடித்து, ‘குழந்தையைத் தூக்க முடிகிறவருக்கு என்ன வலி?’ என்று கேட்டது. நோட்டில் அந்தத் தேதியில் ஏற்கெனவே எழுதியிருந்தது: ‘விழாவுக்குப் போனேன். பையனைக் கொஞ்ச நேரம் தூக்கினேன். இரவு மாத்திரை போட்டுத்தான் படுத்தேன்.’ கேள்வி அதோடு நின்றது. கோரிக்கை நடக்கும்போது படம் போடுவதையே நிறுத்துவது இன்னும் நல்லது. ஆனால் முன்பு போட்டதை அவசரமாக அழிப்பது தவறு. ஆதாரத்தை மறைத்ததாக ஆகிவிடும்.

பழைய வலியை மறைக்கலாமா?

நான்கு வருடத்துக்கு முன்னால் இவருக்குக் கழுத்து வலி வந்து பிசியோதெரபி எடுத்திருந்தார். கணினி வேலை செய்கிறவர்களுக்கு வருவதுதான். கோரிக்கைப் படிவத்தில் ‘முன்பு இதே இடத்தில் பிரச்சினை இருந்ததா?’ என்ற கேள்வி இருந்தது. ‘இல்லை என்று போட்டுவிடுங்கள், எதற்கு வம்பு’ என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். இவர் ‘ஆம்’ என்று எழுதி, பழைய சீட்டுகளையும் இணைத்தார்.

இது சரியான முடிவு மட்டுமல்ல, லாபமான முடிவும்கூட. மருத்துவப் பதிவுகளை எதிர்த்தரப்பு எப்படியும் கேட்டு வாங்கும். மறைத்தது வெளியே வந்தால் உண்மையான வலியையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதோடு, பழைய பலவீனம் இருப்பது கோரிக்கையை அழித்துவிடுவதில்லை. 1891இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். வகுப்பறையில் ஒரு சிறுவன் இன்னொரு சிறுவனின் காலில் லேசாக உதைத்தான். உதைபட்ட காலில் ஏற்கெனவே ஒரு காயம் இருந்ததால் அது சீழ் வைத்து, கால் நிரந்தரமாகப் பயனற்றுப் போனது. இவ்வளவு ஆகும் என்று உதைத்தவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டவர் எந்த நிலையில் இருக்கிறாரோ அந்த நிலையிலேயே அவரை ஏற்க வேண்டும் என்பதுதான் ஆங்கிலேய, அமெரிக்கச் சட்ட மரபில் வேரூன்றிய கொள்கை.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. விபத்து இல்லாமலே வந்திருக்கக்கூடிய வலிக்குப் பணம் கிடைக்காது; விபத்து கூட்டிய வலிக்குத்தான். இங்கே பழைய சீட்டுகளே கை கொடுத்தன. கடைசிச் சிகிச்சை நான்கு வருடம் முந்தையது, அதற்குப் பிறகு விபத்து வரை ஒரு சீட்டுகூட இல்லை. இடையில் வலி இல்லாமல் இருந்தார் என்பதை அந்த வெற்று நான்கு வருடமே காட்டியது.

கையெழுத்து

பத்தாம் நாள், பம்பர் செலவுக் காசோலையோடு, காயத்துக்கு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தருவதாக ஒரு கடிதமும் கையெழுத்துப் போட ஒரு தாளும் வந்தன. அந்தத் தாளில் இப்படி ஒரு வாக்கியம்: ‘மேற்படி விபத்தால் இதுவரை எழுந்த, இனி எழக்கூடிய அனைத்துக் கோரிக்கைகளையும் முழுமையாகத் தீர்த்துக்கொண்டேன்.’

இந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. பத்தாம் நாளில் எந்த மருத்துவருக்கும் இந்தக் கழுத்து எப்போது குணமாகும் என்று உறுதியாகத் தெரியாது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வலி நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் கழுத்து வலி பற்றி 2008இல் வெளியான பன்னாட்டு ஆய்வுக் குழுவின் தொகுப்பு, விப்லாஷ் அடைந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருடம் கழித்தும் கழுத்து வலி இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று கணித்தது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் விலை பேசி முடிப்பதற்கான தாள் அது. பம்பர் பணத்தோடு சேர்த்து நீட்டப்பட்டதால், பம்பருக்கான கையெழுத்து என்று நினைத்துப் போடுகிறவர்களும் உண்டு.

இந்தப் பழக்கத்தின் கெடுதலைச் சட்டமே உணர்ந்த இடமும் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மருத்துவ அறிக்கை இல்லாமல் விப்லாஷ் கோரிக்கையைச் சமரசம் செய்வதையே தடை செய்தது. 2021 மே 31 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதே நாளில் வலி எத்தனை மாதம் நீடித்தது என்பதை வைத்து நிலையான தொகைப் பட்டியலும் வந்தது. மூன்று மாதத்துக்குள் குணமானால் அப்போது 240 பவுண்டு, கூடவே சிறு மனப் பாதிப்பும் இருந்தால் 260. தொகை மிகக் குறைவு என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனாலும் மருத்துவ அறிக்கைக்கு முன் பேரம் கூடாது என்ற விதி எல்லா ஊரிலும் இருக்க வேண்டியது.

இவர் இரண்டையும் பிரித்தார். பம்பர் பணத்துக்கு மட்டும் தனி ரசீது தருவதாகவும், உடல் காயக் கோரிக்கை அப்படியே நிலுவையில் இருப்பதாகவும் எழுதி அனுப்பினார். நிறுவனம் ஒப்புக்கொண்டது.

சிகிச்சையும் கணக்கும்

பிசியோதெரபி மூன்றாம் வாரம் ஆரம்பித்தது. கழுத்துப் பட்டையை நாள் முழுக்கப் போட வேண்டாம், மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். முதல் இரண்டு நிலைக் காயங்களுக்கு இப்போது பொதுவான அறிவுரை இதுதான். நடுவில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை வந்ததால் மூன்று வாரம் சிகிச்சைக்குப் போகவில்லை. அலுவலகத்திலிருந்து கடிதம் வாங்கி வைத்திருந்தாலும், இந்த இடைவெளி பேச்சுவார்த்தையில் அவருக்குச் செலவு வைத்தது. பாதிக்கப்பட்டவர் தன் இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது பல இடங்களில் எதிர்பார்க்கப்படுவது. ஐந்தாம் மாத இறுதியில், ‘அன்றாட வேலைக்குத் தடையில்லை, நீண்ட நேரம் வண்டி ஓட்டினால் வலி’ என்று எழுதிச் சிகிச்சையை முடித்தார்கள். தொகையைக் கணக்கிட்டுக் கேட்கும் கோரிக்கைக் கடிதம் அதற்குப் பிறகுதான் போனது.

எதைக் கேட்கலாம்? இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் தந்த ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. மருத்துவச் செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு, நிரந்தரக் குறைபாட்டால் வரும் எதிர்கால வருமான இழப்பு, எதிர்கால மருத்துவச் செலவு, வலியும் துன்பமும், வாழ்வின் வசதிகளை இழத்தல், ஆயுள் குறைதல் என்று தலைப்புகளை வரிசைப்படுத்தி, சாதாரணக் காயங்களில் மருத்துவச் செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு, வலியும் துன்பமும் ஆகிய மூன்றுக்கு மட்டுமே இழப்பீடு என்றது. இந்தக் கோப்புக்கு அது அப்படியே பொருந்தும். நியூசிலாந்தில் இருந்திருந்தால் கதையே வேறு: 1974 முதல் அங்கே விபத்துக் காயங்களுக்கு யார் தவறு என்று பார்க்காமல் அரசுத் திட்டமே சிகிச்சையையும் வருமான இழப்பின் பெரும்பகுதியையும் பார்த்துக்கொள்கிறது, அதற்குப் பதிலாக இடித்தவர்மேல் காய இழப்பீட்டு வழக்குப் போட முடியாது.

இவருடைய கணக்கு: மருத்துவமும் போக்குவரத்தும் மாதச் சம்பளத்தில் 0.6. விடுப்பு எடுத்த வேலைநாள் 8, அரைநாள் வேலை செய்தது 12 நாள். சேர்த்தால் 14 நாள். மாதத்துக்கு 25 வேலைநாள் என்று வைத்தால் 0.56. அலுவலகம் சம்பளம் பிடிக்கவில்லை, சேமித்த விடுப்பிலிருந்து கழித்தது. அதுவும் இழப்புதான் என்று இவர் வாதிட்டார். செலவான விடுப்பை இழப்பாக ஏற்கும் இடங்கள் பல உண்டு. வலிக்கும் துன்பத்துக்கும் 1.35 கேட்டார். மொத்தம் இரண்டரை மாதச் சம்பளம். ரசீதுகளைத் தேதி வாரியாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த நாளின் மருத்துவச் சீட்டு எண்ணைக் குறித்திருந்தார். கணக்கு பார்க்கிறவர் என்பதால் அது அவருக்குக் கைவந்த வேலை. அந்த ஒழுங்குக்கே பாதி மரியாதை கிடைத்தது.

காலக்கெடுவை மட்டும் ஒருபோதும் மறக்கக் கூடாது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் தீர்ப்பாயத்தில் மனுப் போட விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்கிறது. கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம், இங்கிலாந்தில் மூன்று. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. இந்தக் கோப்பு இந்தியச் சட்டத்தின் கீழ் வந்திருந்தால், ஐந்தாம் மாத முடிவில் கோரிக்கைக் கடிதத்தோடு மனுவும் தயாராக இருந்திருக்க வேண்டும்.

முடிவு

அந்தக் கோரிக்கைக் கடிதத்துக்கு வந்த முதல் பதிலில் நிறுவனம் 0.8 சொன்னது. வழக்கறிஞரிடம் ஒரு ஆலோசனை பெற்றார். கோப்பு முழுவதையும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. இந்த அளவுத் தொகைக்கு வழக்கறிஞர் கட்டணமே பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதால் அது நல்ல தீர்மானம். நரம்புப் பாதிப்போ எலும்பு முறிவோ இருந்திருந்தால், அல்லது தவறு யாருடையது என்பதில் தகராறு இருந்திருந்தால், நான் வேறு யோசனை சொல்லியிருப்பேன்.

இரண்டு சுற்றுக் கடிதத்துக்குப் பிறகு 1.71 மாதச் சம்பளத்தில் முடிந்தது. வருமான இழப்பு முழுசாக, 0.56. மருத்துவத்தில் 0.45 கிடைத்தது, மீதி 0.15, மருத்துவர் எழுதித் தராமல் இவரே போய் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஆன செலவு, அதை நிராகரித்தார்கள். நியாயம்தான், இரண்டாம் நிலைக் காயத்துக்கு அந்த ஸ்கேன் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. வலிக்கும் துன்பத்துக்கும் 0.7. பழைய கழுத்து வலிக்காகக் கொஞ்சம், மூன்று வார இடைவெளிக்காகக் கொஞ்சம் என்று அதில் குறைத்திருந்தார்கள். இடைவெளிக்கான குறைப்பு அதிகம் என்பது என் கருத்து. அலுவலகக் கடிதத்தை அவர்கள் சரியாக எடை போடவில்லை. பழைய வலிக்கான குறைப்பில் எனக்குக் குறை இல்லை.

கையெழுத்துப் போடும் தாள் மறுபடி வந்தது, அதே ‘இனி எழக்கூடிய அனைத்துக் கோரிக்கைகளும்’ என்ற வாக்கியத்தோடு. இந்தத் தடவை சிகிச்சை முடிந்திருந்தது, மருத்துவரின் இறுதி அறிக்கை கையில் இருந்தது, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தது. நீண்ட பயணத்தில் வரும் வலிக்கு இனிமேல் தனியாகக் கேட்க முடியாது என்று வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வீட்டில் ஒரு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.